அனுமதிக்கப்பட்ட பிழை

திருகோணமலைச் சந்தையில்
ஒரு தராசு பொய் சொன்னால்
எனக்குத் தெரியும்.
அளவீட்டுத் திணைக்களத்தில் பத்தொன்பது வருடம்.
சிவப்பு வெல்வெட் பெட்டிக்குள்
பித்தளைக் குழந்தைகள் மாதிரி
என் நியம நிறைகள் உறங்கும்.
வெறுங்கையால் தொடமாட்டேன்.
விரல் வியர்வையும் நிறைதான்.

தை மாதம் நான் எழுபத்தொன்பது கிலோ.
எல்லோரும் வீட்டுக்குப் போன பிறகு
கந்தோர்த் தராசில் ஏறிப் பார்த்தது.

மருந்துக்கடை றமீஸ் பெட்டியை நீட்டினான்:
“கிறீன் ரீ. மூன்றே மாதம், அக்கா. உருகி ஓடும்.”
பெட்டியில் இடுப்பே இல்லாத ஒருத்தி
அளவுநாடாவைச் சுற்றிக்கொண்டு சிரித்தாள்.
அந்த நாடாவில் முத்திரை இல்லை.
கவனித்தேன், வாங்கினேன்.

கொதித்த தண்ணீர் ஊற்றக் கூடாதாம், கைக்குமாம்.
எவ்வளவு ஆறவேண்டும் என்று கேட்டேன்.
“கன்னியாக் கிணற்றை விடச் சூடு,
கேத்தலை விடக் குறைவு.”
இப்படி அளவு சொல்கிறவனிடம்
காசு கொடுத்தேனே.

காலையில் ஒன்று, பதினொரு மணிக்கு ஒன்று,
நாலு மணிக்கு ஒன்று.
வைக்கோல் ஊறிய மழைத்தண்ணீர்.
பக்கத்து மேசைக் கோசலாதேவி
பிளேன்ரீயை உறிஞ்சியபடி கேட்பாள்:
“கரையுதோ?”
மீன்கடைப் பத்திநாதன்
தன் தராசை என்னிடம் தந்துவிட்டு
என்னைக் கண்ணால் நிறுப்பான்.
அந்தக் கண்ணுக்கு யார் முத்திரை குத்துவது?

சித்திரை கழிய ஏறினேன்.
இரண்டேகால் கிலோ இறக்கம்.
கோசலாதேவி கைதட்டினாள்.
எனக்குக் கணக்கு இடித்தது.
முன்பு நாளுக்கு நாலு பிளேன்ரீ,
ஒன்றுக்கு இரண்டு கரண்டி சீனி,
நாலு மணிக்கு ஒரு மாலுபணிஸ்.
மூன்று மாதச் சீனியை மட்டும் கூட்டினால்
மூன்று கிலோப் பை ஒன்று
என் மேசையில் வந்து குந்தியது.

சோதனை என்றால் தட்டிலிருந்து
ஒரு கல்லை எடுத்துப் பார்க்க வேண்டும்.
வைகாசி முழுக்கத் தேயிலையை எடுத்தேன்.
வெறும் சுடுநீர். சீனி இல்லை, பணிஸ் இல்லை.
முள் அதே வேகத்தில் இறங்கியது.
வித்தியாசம் நூறு கிராம் இருக்கும்.
அந்தத் தராசுக்கு
அனுமதிக்கப்பட்ட பிழையும் நூறு கிராம்.

ஆனாலும்
பச்சைத் தேயிலை நிறை குறைக்காது என்று
நான் எழுதிக் கையெழுத்து வைக்கமாட்டேன்.
குறைத்ததைக் கண்டிருக்கிறேன்.
முதல் நாலு வருடம் மலைநாட்டில் வேலை.
கொழுந்து நிறுக்கும் கொட்டகை, மாலை மழை,
செவனம்மா முதுகிலிருந்து இறக்கிய சாக்கு
பதினெட்டுக் கிலோ.
ஈரத்துக்கு ஒன்று கழித்தார்கள்.
சாக்குக்கு அரை.
தண்டுக்கு அரை.
பதினாறு என்று எழுதினார்கள்.
தராசில் ஒரு குற்றமும் இல்லை.
முத்திரை குத்தினேன். நான்தான்.
அவளை யாரும் நிறுக்கவில்லை,
நிறுத்தால் முள் அசைந்திருக்குமோ தெரியாது.

ஆனியில் றமீஸ் கேட்டான்: “வேலை செய்ததா, அக்கா?”
அவன் கடைவாசலில்
இருபது ரூபாய் போட்டு ஏறும் இயந்திரம்.
பெட்டியைத் திறந்தேன், நிறைகளை அடுக்கினேன்.
மூன்று கிலோ கூடக் காட்டியது.
அவனுக்குத் தெரிந்திருந்ததா?
முகத்தை அளக்க என்னிடம் கருவி இல்லை.
திருகாணியை முடுக்கிச் சரிசெய்தேன்.
அன்று மாலைக்குள் அந்தத் தெருவில்
ஏறினவர்கள் எல்லோரும்
ஆளுக்கு மூன்று கிலோ மெலிந்தார்கள்.

வெற்றுப் பெட்டியைக் கந்தோர் வாசலில்
கோட்டை மான் ஒன்று சப்பித் தின்றது,
சிரித்தவளையும் நாடாவையும் சேர்த்து.

பழகிவிட்டது அந்தக் கைப்பு.
இன்னும் நாலு மணிக்கு ஒன்று போடுகிறேன்,
மெலிய அல்ல.
பையைக் கரண்டியில் வைத்துப் பிழிகிறேன்.
ஈரத்துக்கு
எதுவும் கழிப்பதில்லை.