நீலப் பென்சில்

எழுத்து எழுதுவது என் வேலை.
கதை இல்லை; எழுத்து.
பஃபலோவில், ரொட்டிக்கடைக்கு மேல்மாடியில்,
ஒரு சாய்பலகை, மைப்புட்டி, பாதி சூடாகும் கணப்பு.
ஆகாயத்தில் பறக்கிறவர்கள் வாய் திறந்தால்
விழுகிற ஒவ்வொரு சொல்லும்
முதலில் என் மணிக்கட்டு வழியாகத்தான் போகும்.

கலங்கரை, நாயகி. உள்ளங்கையில் ஒளி.
கொக்கி, அவளோடு திரிந்த பையன்.
நாற்பத்தொன்றாம் இதழில் பாலம் இடிந்தபோது
அவள் பேருந்தைப் பிடித்தாள்,
அவனைப் பிடிக்கவில்லை.
பேருந்தில் முப்பது பேர். கணக்கு சரி.
அவனுக்குத்தான் ஒரு கை போயிற்று.
எஃகுக் கை பூட்டிக்கொண்டு
எதிரியாகத் திரும்பி வந்தான்.

அதே மாதம்தான்
கதைக்காரர் ஆர்வில் டென்ஷாவும்
சித்திரக்காரர் கஷிமிர் வ்ரோனாவும் பேச்சை நிறுத்தினார்கள்.
கொக்கி யார் பெற்ற பிள்ளை என்று தகராறு.
பெயர் வைத்தது நான் என்றார் ஒருவர்,
முகம் வைத்தது நான் என்றார் மற்றவர்.
அன்று உணவகத்தில் காசு கட்டாமல் எழுந்து போனது யார்
என்பதிலும் இரண்டு கதை.
ஆறு வருடமாக அவர்கள் சந்திப்பது என் மேசையில்தான்:
இடப்பக்கம் தட்டச்சுத் தாள், வலப்பக்கம் படம்,
நடுவில் என் காபி.

யாரும் கவனிக்காத ஒன்றைச் சொல்கிறேன்.
கொக்கியின் பேச்சுக் குமிழிக்கு ஆரம்பத்தில்
உடைந்த கண்ணாடி மாதிரி விளிம்பு போட்டேன்.
அறுபத்துமூன்றில், ஓடும் ஆற்றிலிருந்து
ஒரு நாயைத் தூக்கிக் கரையில் விட்டான்.
ஒரே ஒரு கட்டம், அதுவும் மூலையில்.
அன்று ஒரு முனையை மழுக்கினேன்.
தொண்ணூறில், கொல்ல வந்தவனைக் கொல்லாமல்
மழையில் சும்மா நின்றான்.
இன்னும் இரண்டு முனை.
யாரும் கேட்டுச் செய்யவில்லை.
ஒரே இதழில் எவன் திருந்துகிறான்?

நூற்றுப் பதினெட்டுக்கு டென்ஷா அனுப்பியது
எழுபத்திரண்டு சொல்லில் ஒரு மன்னிப்பு.
கலங்கரை மண்டியிட்டுச் சொல்கிறாள்.
நல்ல எழுத்துதான்.
இரண்டு இடத்தில் எனக்கே தொண்டை அடைத்தது.

வ்ரோனாவின் பக்கத்தில் யாரும் மண்டியிடவில்லை.
உறைந்த ஏரி. கரையில் ஒரு பெஞ்சு.
எஃகு விரல்கள் பிளாஸ்க் மூடியைத் திருகுகின்றன.
ஒன்பது கட்டத்திலும் கைகள், கைகள்.
எழுபத்திரண்டு சொல் உட்கார
மேலேயும் இடமில்லை, கீழேயும் இல்லை.
வேண்டுமென்றே; எனக்கா தெரியாது?
ஏழாம் கட்டத்தில் மட்டும், ஆவிக்குப் பக்கத்தில்,
கட்டைவிரல் அகலத்துக்கு வெள்ளை.

பொட்டலம் கிளம்ப மூன்று மணி நேரம்.
ஆசிரியர் விடுமுறையில்.
தாளை மறுபடி படித்தேன்.
உன்னைக் கைவிட்டேன், தாண்டினேன்.
ஒவ்வொரு இரவும், தாண்டினேன்.
முப்பது உயிர்கள், அதையும்.
கடைசிக்குச் சற்று முன்னால், போகிற போக்கில்,
அவள் ஒன்று கேட்கிறாள்:
குளிரில் அந்தக் கை வலிக்குமா?

அதை எடுத்தேன். மற்றதையெல்லாம் விட்டேன்.
எழுதி முடித்தபோது வேலை போய்விடும் என்றுதான் நினைத்தேன்.

சனிக்கிழமை டென்ஷா தொலைபேசியில்.
"மீதி எங்கே?"
"இடமில்லை."
"அவன் இடமே விடவில்லையா?"
"நாலு சொல்லுக்கு விட்டிருந்தார்."
அந்தப் பக்கம் கரண்டி கோப்பையில் சுற்றுகிற சத்தம்,
வெகு நேரம்.
"அந்த நாலும் நான் எழுதியதா?"
"நீங்கள்தான்."
வைத்துவிட்டார்.

இருவரும் பேசிக்கொண்டார்களா, தெரியாது.
கேட்பது என் வேலையில்லை.
செய்ததும் என் வேலையில்லைதான்.

பிப்ரவரியில் நூற்றுப் பத்தொன்பது வந்தது.
மூன்றாம் பக்கத்தில் பாதி வானத்தை
வெறுமையாக விட்டிருந்தார் வ்ரோனா.
ஓரத்தில் ஒரு கிறுக்கல்:
இங்கே அவன் நிறையப் பேசட்டும்.

எந்த அவன் என்று குறிப்பில்லை.
நீலப் பென்சில்.
அந்த நீலம் அச்சகக் கேமராவின் கண்ணுக்குத் தெரியாது,
காகிதத்தில் விழாது.
அழிக்கவில்லை.
அதன் மேலேயே மை தொட்டேன்.