நாலாவது குடம்

முதல் வரைவில் செல்வின் பிறந்தான்,
பள்ளிக்கூடம் போனான், மெக்கானிக் ஆனான்,
பன்னிரண்டாம் பக்கத்தில் இறந்தான்.
வருகைப் பதிவேடு மாதிரி இருந்தது.
நானே கிழித்தேன்.

இரண்டாவதில்
முதல் வரியிலேயே இறந்தான்.
அதற்குமேல் அவனுக்குச் செய்ய ஒன்றுமில்லை,
பக்கம் பக்கமாக நான் மட்டும் அழுதேன்.
"அன்று காலை லேசாகத் தூறியது"
என்றொரு வரி அழகாக வந்திருந்தது.
தண்ணீர் லாரிக்கு டோக்கன் கொடுத்த கோடையில்
எங்கே தூறியது?
அடித்தேன்.

அப்புறம்தான் குடங்கள் வந்தன.
சர்மா நகரில் விடியுமுன்னே
தெருவோரம் வரிசை கட்டும் குடங்கள்.
ஆள் வேண்டாம்,
குடம் நின்றால் ஆள் நின்ற மாதிரி.
என் பச்சைக் குடத்தின் கழுத்தில் சிவப்பு ரிப்பன்.
எழுத்திலும் அப்படி ஒரு வசதி உண்டு:
நான் நிற்க முடியாத இடத்தில்
ஒரு பொருளை நிறுத்திவிட்டுத்
தள்ளி நின்றுகொள்ளலாம்.

நாலு குடம், நாலு பகுதி.
ஒரு குடம் நிரம்புவதற்குள்
எவ்வளவு சொல்ல முடியுமோ அவ்வளவு.
நடுவில் போன் அடிக்கும்.
6.12.
6.14.
6.19.
நேரமெல்லாம் நிஜம்,
செத்துப்போன பழைய போனுக்கு
ரிச்சி தெருவில் உயிர் கொடுத்து எடுத்தது.
ஸ்டான்லியிலிருந்து யாரோ ஒரு நர்ஸ்,
அவன் சட்டைப்பையில் கிடந்த என் எண்ணுக்கு.
நான் எடுக்கவில்லை.
என் முறை. விட்டால் நாளை மறுநாள்தான் லாரி.

இதைத்தான் முந்தைய வரைவுகளில்
"பிறகு" என்ற சொல்லுக்கு அடியில்
பதுக்கி வைத்திருந்தேன்.
இப்போது அதற்குத் தனிப் பக்கம்:
நாலு குடமும் நிரப்பிவிட்டுத்தான்
திருப்பிக் கூப்பிட்டேன்.

லூர்து அக்காவிடம் படித்துக் காட்டினேன்.
மத்தி கழுவிக்கொண்டே கேட்டாள்.
"நாலா? நீ எங்க நாலு புடிச்ச?
மூணாவது ரொம்பி வழியுது,
நீ போனக் காதுல வச்சிக்கினு
லாரி டயராண்ட குந்திட்ட.
நாலாவத நான்தான் புடிச்சி
உன் வூட்டு வாசல்ல வச்சேன்.
மூடி கூட என்னுது. இன்னும் தரல நீ."

பட்டியலில் இருக்கத்தான் செய்தது,
6.21, வெளியே போன அழைப்பு.
வந்ததை மட்டுமே எண்ணியிருக்கிறேன்.

"ஏழு வருடமாய்
ஒரு குடம் அதிகம் சுமந்தேன்" என்று எழுதி
உடனே அடித்தேன்.
தூறல் மாதிரியே அதுவும்
அழகாக வந்திருந்தது.
மூன்று குடம் மூன்று குடம்தான்.

நாலாம் பகுதியை எடுக்க மனமில்லை.
எண்ணை மட்டும் போட்டு
லூர்து சொன்னதைச் சொன்னபடி வைத்தேன்,
மூடி உட்பட.

அது என் அரிசி டப்பாவின் மேல் இருக்கிறது.
நாளைக்குக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்.
கொடுத்துவிட்டால்
கடைசி வரி பொய்யாகிவிடும்.