எர்த்

சதுப்பில் அச்சுவரை இறங்கிவிட்டது வண்டி.
பின்னால் டிரெய்லரில்
மூஸ் மானின் தொடைகள் இரண்டு, இன்னும் சூடாக.
பின்சக்கரங்கள் சேற்றை வாரி இறைக்க
முன்னவை இரண்டும் வேடிக்கை பார்க்கின்றன.

நாலும் ஓடுவதாகச் சொல்கிறது
டாஷ்போர்டின் பச்சை விளக்கு.
புளுகு.

லியாண்டர் ஃபியூஸைப் பிடுங்கினான், ஊதினான்,
ஹாரனுடையதை மாற்றிச் செருகினான்.
ஒரு கெட்ட வார்த்தை.
பிறகு இன்னொன்று.

நான் மல்லாந்து கிடக்கிறேன்,
நியூஃபவுண்ட்லாந்தின் ஈரம் முழுக்க முதுகில்,
பல்லிடுக்கில் டார்ச்.
முன் டிஃபரென்ஷியலின் பிளக்கைக் கழற்றி
சோதனை பல்பை வைத்தேன்:
சாம்பல் வயருக்கும் பாட்டரி நெகட்டிவுக்கும் நடுவே
எரிந்தது.
சாம்பலுக்கும் பழுப்புக்கும் நடுவே
ஒன்றுமில்லை.
மின்சாரம் இதுவரை வந்துதான் நிற்கிறது;
திரும்பிப் போகத்தான் பாதையில்லை.

பழுப்பை விரலால் பிடித்தபடியே போனேன்,
கால்மிதிக்கு அடியில் ஒரு போல்ட் வரைக்கும்.
அதன் கீழே
பளபளவென்று சிவப்பு பெயின்ட்.
மே மாதம், இரண்டு கோட்,
லியாண்டரின் கைவண்ணம்.

மானை உரித்த கத்தியாலேயே சுரண்டினேன்.
இரும்பு தெரிந்தது.
முறுக்கினேன்.

க்ளிக்.

மேட்டுக்கு ஏறும்வரை அவன் வாய் திறக்கவில்லை.
"கலர் என்னவோ நல்லாத்தான் இருக்கு, வெர்னா"
என்றான் அப்புறம்.