ஊறவைத்த புல்

ஜிலேபி ஏரிக்குப் போய் எட்டு நாளாயிற்று.
முன்குளம்பில் கை வைத்தால்
இறக்கிவைத்த தோசைக்கல் போல
இன்னும் சூடு.

"மனுசங்க சர்க்கரை மாதிரியே இல்லம்மா,
ரத்தத்துல இன்சுலின் கூடிக் கிடக்கு,
அதுதான் குளம்பைப் பிடிக்குது."
டாக்டர் கழுத்து மேட்டை அமுக்கிக் காட்டினார்.
செழிப்பென்று நான் தடவித் தடவி
போட்டோவுக்கு நிறுத்திய கொழுப்பு.

ஏரிக்கரையில் ஆளுக்கொரு கேரட்,
சோளக்கதிர், கிரீம் பிஸ்கட்.
ஒண்ணே ஒண்ணு ஆன்ட்டி என்றது ஒவ்வொரு பிள்ளையும்.
நானும் சிரித்தேன்.
சிரித்தால் இருபது ரூபாய் கூட வரும்.

இப்போது தராசு வாங்கியிருக்கிறேன்.
தவிடு இல்லை, வெல்லம் இல்லை.
காய்ந்த புல்லை நிறுத்து
ஒரு மணி நேரம் தண்ணீரில் அமிழ்த்தி
தேயிலை நிறத்தில் வடிகிறதை
பேரிக்காய் மரத்தடியில் கொட்டுகிறேன்.
எறும்புக்குத் தெரிந்திருக்கிறது
நான் எதைத் திருடுகிறேன் என்று.

நாயுடுபுரம் சரிவில் உறைபனி.
இந்தக் குளிருக்குப் பின் வெயில் ஏறினால்
புல்நுனியெல்லாம் சர்க்கரையாம்.
கொட்டகைக் கதவை இழுத்துச் சாத்துகிறேன்.
அது என்னைப் பார்க்கவில்லை,
என் தோளுக்கு மேல் வெள்ளையாய்க் கிடக்கும் சரிவைப் பார்க்கிறது.

செபஸ்தி போனில்:
"சீசன் போகுது நேவிஸ்,
ரெண்டு ரவுண்டு நடத்திப் பாரேன்."
நடக்காது என்றேன். யார் என்று சொல்லவில்லை.

ராத்திரி காலி வாளியை நக்குகிற சத்தம்.
வாளி உருண்டு சுவரில் மோதுகிறது,
திரும்ப உருள்கிறது.
காலையிலிருந்து நானும் சாப்பிடவில்லை.
கொட்டகைக்குப் பின்னால் நின்று
ஈரக் கையோடு
பன் பாக்கெட்டை மெதுவாகப் பிரிக்கிறேன்.

உருளும் சத்தம் நின்றுவிட்டது.