சுண்ணாம்பு பிடிக்காத இடம்

கோட்டாற்று மருந்துக் கடையில்
பதினாறு கிலோ கடுக்காய் கேட்டேன்.
கடைக்காரர் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார்:
"வீட்டுல எத்தனை பேருக்கு வயிறு கட்டிக் கெடக்கு?"
வீட்டுக்கேதான் என்றேன்.

இரணியலில் எங்கள் கல்வீடு வியர்க்கும்.
தொண்ணூற்றாறில் மாமனார்
கருங்கல் சுவருக்கு சிமெண்டுச் சட்டை போட்டார்.
ஆனிச் சாரலில் உள்ளே போன தண்ணீர்
வெளியேற வழியில்லாமல்
ஐப்பசி மழையையும் துணைக்குக் கூப்பிட்டது.
அலமாரிக்குப் பின்னால் பூசணம்.
செல்வினின் கல்யாணக் கோட்டில் பூசணம்.
பாகப்பத்திரத்திலும்,
முத்திரையைச் சுற்றி, பச்சையாக.

வங்கிக்காரர் படிவத்தில்
'சிமெண்ட் எத்தனை மூட்டை' என்ற கட்டத்தில்
ஒரு கோடு கிழித்தார்.
கடன் வரவில்லை. ஒரு வளையல் போனது.

டைட்டஸ் உளி வைத்தான்.
பாளம் பாளமாகப் பொருக்கு உதிர்ந்து
கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே பழைய சாந்து.
நகத்தால் கீறினால்
சிப்பித் துணுக்கு மின்னியது.

மணக்குடிச் சிப்பி தொட்டியில் நீறிக் கொதித்த சத்தத்தில்
பூனை மூன்று நாள் வீட்டுக்கு வரவில்லை.
மணலுக்கு அலைந்தது மூன்று வாரம்.
கடுக்காயும் கருப்பட்டியும் ஊறிய பானைகளில்
பத்தாம் நாள் கள்ளுக்கடை வாசம்.
குவைத்திலிருந்து வீடியோவில் செல்வின்:
"இவ்வளவு கருப்பட்டியையும் செவரா திங்கும்?"
"திங்கும். பைசா அனுப்புங்க."

எல்லாச் சுவரும் தின்றது.
நடு அறையின் கிழக்குச் சுவரில்
ஓர் ஆள் உயரத்துக்கு மட்டும் ஏற்கவில்லை.
ராத்திரி பொத்தென்று விழுந்து
காலையில் தரையில் பாய் விரித்தாற்போல் சாந்து.
மறுபடி பூசினோம். மறுபடி பாய்.
டைட்டஸ் காதை வைத்துத் தட்டினான்.
"இது கல்லு இல்லக்கா. ஹாலோ பிளாக்கு.
இங்க ஒரு வாசல் இருந்திருக்கும்."

இருந்தது.
இவரும் தம்பியும் பேச்சை நிறுத்திய வருஷம்
அடைத்தது அந்தப் பக்கமா இந்தப் பக்கமா
என்பதற்கு
இரண்டு வீட்டிலும் இரண்டு பதில்.

எறும்புக்கு அந்தக் கணக்கெல்லாம் இல்லை.
ரெஞ்சிதத்தின் அடுக்களையில் கிளம்பி
பிளாக் இடுக்கில் புகுந்து
எங்கள் சாந்தை ருசி பார்த்துத் திரும்பியது,
வரிசை கலையாமல்.

மூன்றாம் நாள்
வேலிக்கு அப்பால் நின்றுகொண்டு
ஏழு வருஷத்தில் முதல் வார்த்தை பேசினாள் ரெஞ்சிதம்:
"உங்க எறும்பு எங்க சீனி டப்பாவுல கெடக்கு."
"அது உங்க எறும்பு."
அதோடு விட்டிருக்கலாம்.
"அங்கயும் செவரு வேர்க்கா?" என்று கேட்டுவிட்டேன்.

அவள் உள்ளே போய்விட்டாள்.
சாயங்காலம்
ஈரத்தில் உப்பிப் புடைத்த
மகளின் பத்தாம் வகுப்புப் புத்தகங்கள்
வேலியில் விரித்துக் காய்ந்தன,
அட்டை என் பக்கம் பார்க்க.

"ஒடைக்கவா? இல்ல
கோழிக்கம்பி அடிச்சு மேல பூசவா?"
டைட்டஸுக்கு அடுத்த வேலை
தக்கலையில் காத்திருக்கிறது.
அது அப்படியே கிடக்கட்டும் என்றேன்.

இருபத்தொரு நாள் சுவரை நனைக்கவேண்டும்,
காய்ச்சல்காரனுக்குத் துணி போடுவதுபோல
காலையும் மாலையும்.
பிளாக் பக்கம் நான் தெளிப்பதில்லை.
சிமெண்டுக்கு எதற்குத் தண்ணீர்?

பதினான்காம் நாள் காலை
அது நனைந்திருந்தது.
மேலே மழை இல்லை. குழாயும் அந்தப் பக்கம் ஓடவில்லை.
அடிவரிசையில் ஒரு கை அகலம்
கறுத்து,
நான் பார்க்கப் பார்க்க மேலே ஏறியது.
விரலால் தொட்டு மோந்தேன்.
கடுக்காய்.

வெளியே டைட்டஸ்
பானைகளைத் திறந்து திறந்து மூடினான்.
"அக்கா, இதுல ஒரு குடம் கொறையுது."