பன்னிரண்டு பாகம்

கரையில் பத்தடி என்றால் பத்தடி.
தண்ணீருக்கு மேல் கண் கடன்காரனைப் போல,
எதையும் தள்ளித் தள்ளித்தான் சொல்லும்.

இடிந்தகரைத் தூண்டில் வளைவுக்குள்
இருட்டுகிற நேரத்தில் என் கணக்கு இது:
பக்கத்துப் படகின் பதிவெண் படிக்க வந்தால் எட்டுப் பாகம்.
ஏழில் பெயிண்ட் உரிந்தது தெரிந்தால் நாலு.
பீடி எந்தக் கையில் என்று தெரிந்தால்
நங்கூரத்தை மறுபடி தூக்கு.

அன்றைக்குத் தெரிந்தது. இடது கை.
தூக்கவில்லை.
அது பெலவேந்திரன் மச்சானின் படகு.
எஞ்சின் கடனில் யார் கையெழுத்து என்று தொடங்கி
ஈஸ்டரிலிருந்து பேச்சில்லை.
தூக்கினால் ஒதுங்கிப் போனதாக ஆகும்.

கச்சான் நேராக அடித்தது.
மூன்று பாகம் தண்ணீர்.
நெஞ்சுக்குக் குறுக்கே கை விரித்துக் கை விரித்து
பன்னிரண்டு பாகம் கயிறு விட்டேன்.
அவர் எண்ணுவதும் கேட்டது.
அவரும் பன்னிரண்டில் நிறுத்தினார்.
சரி, ஒரே நீளம், திரும்பினால் ஒன்றாகத் திரும்புவோம் என்று
வலையைத் தலைக்கு வைத்துப் படுத்தேன்.
(வளைவுக்குள் இரண்டு எஞ்சின் களவு போனதிலிருந்து
எல்லோருக்கும் படகில்தான் படுக்கை.)

மணி இரண்டு இருக்கும்.
கச்சான் செத்தது. கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை.
பிறகு கரைக்காற்று, கருவாட்டு வாசத்தோடு.
தலைமாட்டில் இருந்த அணு உலையின் சிவப்பு விளக்கு
விலாப்பக்கம் வந்திருந்தது.

டொக்.
பைபரும் பைபரும் முட்டினால்
காலிக் குடத்தின் சத்தம்.
எழுந்து காலை நீட்டித் தள்ளினேன்.
அந்தப் பக்கமும் ஒரு கால்.

“எத்தன விட்டே?”
“பன்னெண்டு.”
“நானும் பன்னெண்டுதான வே.”

இரண்டு பேரும் கயிற்றையே பார்த்தோம்.
பிறகு அவர் பீடியை வாயில் கவ்விக்கொண்டு
இரண்டு கையையும் விரித்து நின்றார்.
எதற்கென்று தெரியாமல் நானும் விரித்தேன்.
அவர் விரல் என் விரலைத் தாண்டி
ஒரு சாண் போனது.

பன்னிரண்டு சாண்.
ஒரு படகின் அகலமும் கொஞ்சமும்.
அவர் தங்கையைக் கட்டிப் பதினொரு வருஷம்;
கல்யாணத்துக்குச் சட்டை எடுத்துக் கொடுத்தவன் நான்தான்,
கை குட்டையாக இருந்ததென்று அவர் அப்போது சொல்லவில்லை.

“நான் இழுக்கட்டா, நீ விடுதியா?”
“விடுதேன்.”
ஒன்று. அப்புறம் அரை.
ஈரக்கயிறு உள்ளங்கையில் ஓடி நின்றது.
“தீப்பெட்டி இருக்கா?” என்று கேட்டேன்.
இடைவெளி விரிவதற்குள் எறிந்தார். பிடித்தேன்.
கடனைப் பற்றி ஒன்றுமில்லை.

விடிந்ததும் முகம் துடைத்துப் பார்த்தேன்.
எண் படிக்க வந்தது.
பெயிண்ட் உரிந்தது தெரியவில்லை.
அவர் ஏதோ சைகை செய்தார், வாயில் பற்றவைக்காத பீடி.
தீப்பெட்டி என் பையில்.
இங்கிருந்து எறிந்தால்
தண்ணீரில்தான் விழும்.