கோட்டூர் சபாநாயகம் இறந்த புதன்கிழமை

திங்கள், புதன், சனி
விசைப்படகுக்கு டோக்கன் கொடுக்கும் நாள்.
இன்னாசி கடலுக்குப் போவார்.
நான் பேய்ப்படம் பார்ப்பேன்.

பாம்பன் ஐஸ் கம்பெனியில் கணக்கெழுதுகிறேன்.
எந்தப் படகுக்கு எத்தனை பார், யார் பாக்கி,
யார் போன வாரப் பாக்கியை மறந்த மாதிரி நடிக்கிறார்.
ஆறு மணிக்கு விரல்கள் மரத்திருக்கும்.
செல்வமேரி கேட்டாள்:
ஆம்பள இல்லாத வீட்டுல, அதும் ராத்திரில,
ஒனக்கு இதெல்லாம் தேவையா?

தேவைதான்.
எல்லைப் பக்கம் என்ன ஆச்சோ என்று
பதினொரு மணிக்கு மேல் போன் அடித்தால்
எடுக்கவே தயங்கும் தெரு எங்கள் தெரு.
அந்தப் பயத்துக்கு இடைவேளை கிடையாது.
இதற்கு உண்டு.
முறுக்கும் உண்டு.

என் பேய்களுக்கெல்லாம் ஒரே முகம்.
நாற்பத்தொரு படங்களில் செத்துக் காட்டியவர்,
ஒன்றில்கூட யாருக்கும் அப்பாவாக வராதவர்.
கிணற்றுக்குள் தலைகீழாகத் தொங்கும் காட்சியில்
கயிறு தெரியும்,
வேட்டி நழுவாமல் குத்திய ஊக்கும் தெரியும்.
ஆனாலும் கண் சிமிட்டாமல் பார்ப்பார்,
ஒரு நிமிஷம் பத்து நொடி. எண்ணியிருக்கிறேன்.
மிரட்டுகிற பார்வை இல்லை அது.
ரேஷன் கார்டில் பேர் விட்டுப்போனவன் பார்வை.

என் அப்பா தனுஷ்கோடிக்கு ஜீப் ஓட்டியவர்.
எண்பத்தேழில் ஒரு படப்பிடிப்புக்கு
ஆட்களை ஏற்றிப் போனார்.
முழு ஒப்பனையில் மணலில் இறங்கிய சபாநாயகம்
கூரையில்லாத சர்ச்சைப் பார்த்து
'இங்க எத்தன பேருங்க?' என்று கேட்டாராம்.
'மொத்தம் தெரியாது சார்.
எங்க சித்தப்பா வீட்டுல ஏழு.'

வாய்க்குள் கைவிட்டு
கோரைப்பற்களைக் கழற்றிச்
சட்டைப்பையில் போட்டுக்கொண்டாராம்.
டைரக்டர் கத்தியும் அன்றைக்கு மாட்டவில்லை.
படத்தில் அது அப்படியே இருக்கிறது:
பல் இல்லாத பேய் ஒன்று
சுவரோரம் சும்மா நிற்கும்.
ராமநாதபுரம் தியேட்டரில் சிரித்தார்களாம்.
நான் அந்த இடம் வரும்போது
முறுக்கைக் கீழே வைத்துவிடுவேன்.

புதன் சாயங்காலம் கேபிள் டிவியின் அடிவரியில்,
நண்டு விலைக்கும் காற்று எச்சரிக்கைக்கும் நடுவே,
'வில்லன் நடிகர் சபாபதி காலமானார்'
என்று ஓடியது.
பெயர் தப்பு.
வில்லனும் இல்லை, என்று டிவியிடம் சொன்னேன்.

யாரிடம் துக்கம் சொல்வது?
தங்கச்சிமடம் நசுருதீன்தான்
என் மெமரி கார்டில் படம் ஏற்றித் தருகிற தம்பி.
கடையில் கூட்டம் போலிருக்கிறது, யாரோ
ரீசார்ஜ் நம்பரைத் திரும்பத் திரும்பச் சொன்னார்கள்.
கொஞ்ச நேரம் பேசவில்லை அவன்.
'இந்தத் தடவ நெசமாவா அக்கா?'

ராத்திரி கிணற்றுக் காட்சியைப் போட்டேன்.
நாற்பதாவது நொடியில் கரண்டு போனது.
இருட்டில் கடல் மட்டும் கேட்டது.
இப்படி ஒரு சமயத்துக்குத்தானே
இத்தனை வருஷம் பழகியிருக்கிறேன்.
வந்திருந்தால்
உட்காருங்க என்று சொல்லியிருப்பேன்,
டம்ளரில் தண்ணீர்கூட வைத்திருந்தேன்.
வரவில்லை.
மூன்று மணிக்கு ஃபேன்தான் சுற்றத் தொடங்கியது.

வியாழன் விடிந்து இன்னாசி வந்தார்.
கைலியில் டீசல் வாடை, பையில் கொஞ்சம் காரல்.
என் முகத்தைப் பார்த்ததும் பையைக் கீழே வைத்தார்.
'யாருக்கு என்ன?'

'ஒரு பேய் செத்துப்போச்சு.'

சிரிப்பார் என்று நினைத்தேன்.
வாசற்படியில் உட்கார்ந்து
காலில் ஒட்டிய செதிலைச் சுரண்டினார்.

'அந்தப் பல்லக் கழட்டுனவரா?'

ஆமாம் என்றேன்.
என்றைக்கு, யாரோடு அதைப் பார்த்தார் என்று
நான் கேட்கவில்லை.
காரலைக் கழுவ எடுத்துப் போனேன்.
அவர் எழுந்து வந்து
எரிந்துகொண்டிருந்த முன்னறை விளக்கை
அணைக்கப் போய்,
அணைக்காமல் விட்டார்.